முள் பார்க்கும் பக்கம்

நாற்பத்திரண்டு கைகளையும் கணேசலிங்கம் வெளிப்பக்கம் பார்க்கத்தான் பூட்டியிருந்தான். ஒன்றுகூட மாறவில்லை. நூல் பிடித்ததுபோல வரிசையாக நின்றன. ஏணியிலிருந்து இறங்கி நாலடி பின்னால் போய் நின்று பார்த்தபோது அவனுக்கே மனம் குளிர்ந்தது. ஆஸ்திரேலியாவுக்கு வந்த இரண்டு வருடத்தில், ஒருவரும் பக்கத்தில் நின்று சொல்லித் தராமல் அவன் தானாகச் செய்து முடித்த முதல் வேலை அது.

கை என்பது வேலித் தூணின் தலையில் பூட்டுகிற இரும்புத் துண்டு. ஒரு முழ நீளம் இருக்கும், சாய்ந்து நிற்கும். அதில் மூன்று வரி முள்ளுக்கம்பி இழுத்துவிட்டால் வேலி முடிந்த மாதிரி. அது 1976ஆம் ஆண்டு மார்ச் மாதம். சிட்னியின் மேற்குப் பக்கத்தில் வில்லாவுட் என்ற இடத்தில், புதிதாகக் குடியேறி வருகிறவர்கள் தங்கும் ஹொஸ்டலுக்கு ஒரு புறமாக, பழைய கொட்டில்கள் சிலவற்றைச் சுற்றி அந்த வேலி எழுந்துகொண்டிருந்தது. கோடை போகமாட்டேன் என்று அடம்பிடித்த நாட்கள். அந்தப் பகுதி மண் காய்ந்தால் செங்கல், நனைந்தால் பசை. மண் துளைக்கிற யந்திரம் ஒன்றரை அடி இறங்குவதற்குள் முனகிக்கொண்டு நின்றுவிடும். மிச்சத்தை அலவாங்கால் இடித்து, பேணியால் அள்ளித்தான் எடுக்கவேண்டும். வாயைத் திறந்தால் ஈ இலையான் உள்ளே போய்விடும் என்பதால் மனிதர்கள் பல்லைக் கடித்துக்கொண்டே பேசினார்கள்.

கணேசலிங்கம் சுழிபுரத்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு வேலியைப் பற்றி யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அவன் சோறில்லாமல் இருந்தாலும் இருப்பான், வேலியில்லாமல் இருக்கமாட்டான். பக்கத்து வளவுக்குள் ஒரு சாண் வேலிக் கதியாலைத் தள்ளி நட்டுவிட்டு, அந்த ஒரு சாணுக்காகப் பதினைந்து வருடம் கோட்டுப்படி ஏறியவர்கள் இவனுடைய சொந்தத்திலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். அங்கே பனைமட்டையால் வேலி வரிந்தால் மட்டையின் கூரான கறுக்கு வெளியே, ஒழுங்கைப் பக்கம் பார்க்கும். முள் போட்டால் முள்ளும் ஒழுங்கைப் பக்கம். ஆடும் கள்ளனும் அந்தப் பக்கத்திலிருந்துதானே வருவது. தன் முற்றத்தைப் பார்த்து முள்ளை நீட்டி வைக்கிற மடையனை அவன் கேள்விப்பட்டதே இல்லை.

ஆகவே மேஸ்திரி ஸ்லாவ்கோ மறுகோடியிலிருந்து நடந்து வந்து, தொப்பியைக் கழற்றி, மேலே பார்த்து, வேலி முழுதிலும் ஒரு தரம் கண்ணை ஓட்டி, “கணேஷ், எல்லாம் மறுபக்கம்” என்று சொன்னபோது இவனுக்கு விளங்கவில்லை. ஸ்லாவ்கோ யூகோஸ்லாவியாக்காரர். அவருடைய ஆங்கிலமும் இவனுடைய ஆங்கிலமும் புறப்படுகிற இடம் வேறு, ஆனால் வழியில் எங்காவது சந்தித்துக்கொள்ளும்.

“எது மறுபக்கம்?”

“கை. உள்ளே பார்க்கவேண்டும்.”

“உள்ளே பார்த்தால் வெளியிலிருந்து வருகிறவன் சுகமாக ஏறிவிடுவானே?”

ஸ்லாவ்கோ சிரித்தார். “வருகிறவனைப் பற்றி இங்கே யாருக்குக் கவலை? இது உள்ளே இருப்பவன் வெளியே போகாமல் இருக்கப் போடுகிற வேலி. விசா முடிந்த பிறகும் போகாமல் ஒளித்துத் திரிகிறார்களே, அவர்களைப் பிடித்துக்கொண்டு வந்து, பிளேன் கிடைக்கும்வரை இதற்குள்ளே வைத்திருப்பார்கள். போ, போ. பொழுதுபட முன்னம் எல்லாவற்றையும் திருப்பு.”

கணேசலிங்கம் ஏணியை எடுத்துக்கொண்டு முதல் தூணுக்குப் போனான். மூன்று மாத விசாவில், அக்காவின் பிள்ளைப்பேற்றுக்கு உதவியாக என்று வந்தவன் அவன். அந்த விசா முடிந்து ஒரு வருடமும் ஏழு மாதமும் ஆகியிருந்தது. ஊரில் சங்கக்கடை மனேச்சர் வேலையை விட்டுவிட்டு வந்தவன்; அந்தக் கதிரையில் இப்போது வேறொருவர். ஸ்லாவ்கோ அவனிடம் எந்தக் கடதாசியும் கேட்டதில்லை, அவனும் காட்டியதில்லை. நட்டைத் தளர்த்தி, கையைத் தூக்கி, உள்ளே திருப்பி, மறுபடி இறுக்கினான். நாற்பத்திரண்டு தரம். பயம் வந்தது உண்மைதான். ஆனால் பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது.

*

ஸ்லாவ்கோவின் லொறி மாலையில் அவனைக் கிரான்வில் ஸ்டேஷனடியில் இறக்கிவிடும். அங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் அக்கா சத்தியபாமாவின் வீடு. அந்தப் பத்து நிமிடத்தில் பொலிஸ் ஸ்டேஷன் ஒன்று உண்டு. அதற்காக அவன் நாலு தெரு சுற்றி இருபத்தைந்து நிமிடம் நடப்பான். மழையென்றாலும் சுற்றித்தான் வருவான். தூரத்தில் ஒரு பொலிஸ்காரர் வந்தால் கடைக் கண்ணாடிக்குள் ஏதோ வாங்கப்போகிறவன் மாதிரிப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஒருமுறை அப்படி நின்ற கடை பெண்களின் உள்ளுடுப்புக் கடையாக இருந்தது. அத்தான் மகேந்திரராஜாவுக்கு அந்தக் கதை ஒரு மாதத்துக்குச் சிரிக்கப் போதுமாக இருந்தது.

அன்று சத்தியபாமா புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். பால்மா பேணியின் அடியில் ஆணியால் துளை போட்டதுதான் புட்டுக்குழல். சீனக் கடை அரிசிமாவை வறுத்து, பைக்கற்றில் வருகிற காய்ந்த தேங்காய்ப்பூவைச் சுடுபாலில் ஊறவைத்து, அவள் அவித்தெடுப்பதை ஊரார் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். சிட்னியில் இருந்த தமிழர்கள் ஒப்புக்கொண்டார்கள். அவர்களை அப்போது விரல்விட்டு எண்ணலாம், வேறு வழியும் இல்லை. டின்மீன் குழம்பு அடுப்பில் கொதித்தது. இரண்டு வயது மகள் கலா மேசைக்கடியில் கரண்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மகேந்திரராஜா சட்டைக் கையை மடித்துவிட்டபடி பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

கணேசலிங்கம் கைகால் கழுவிவிட்டு வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்தான்.

“அக்கா, நான் பதியப் போகேல்லை.”

பதிவது என்றால் அந்த வீட்டில் ஒரே ஒரு விஷயம்தான். ஜனவரிக் கடைசியில் அரசாங்கம் ஒரு அறிவித்தல் விட்டிருந்தது. விசா முடிந்தும் நாட்டில் தங்கியிருப்பவர்கள் ஏப்ரல் முப்பதாம் திகதிக்கு முன் தாங்களாக வந்து பதிந்தால், நல்ல நடத்தையும் சுகமும் உள்ளவர்களை நிரந்தரமாக இருக்க விடுவோம் என்று. அன்றிலிருந்து சத்தியபாமா, போ போ என்று நின்றாள். மகேந்திரராஜா ‘பாப்பம்’ என்றார். அவர் ரயில்வேயில் வரைபடம் கீறுகிறவர், கவனமான மனிதர். அந்தச் சொல்லைப் பறித்துவிட்டால் அவரால் ஒரு நாள் பேச்சை ஓட்டமுடியாது. கார் வாங்குவமோ? பாப்பம். மழை வருமோ? பாப்பம். முதலில் நாலு பேர் போகட்டும், அவர்களுக்கு என்ன நடக்குதெண்டு பாப்பம். அப்படிப் பார்த்துப் பார்த்தே மார்ச் ஆகிவிட்டது.

“நேற்றுத்தானே அத்தான் வாற கிழமை லீவெடுக்கிறன் எண்டவர்,” என்றாள் சத்தியபாமா. “அவர் ஒருமாதிரி இறங்கி வர, இப்ப நீ ஏறி நிக்கிறியோ?”

“நான் என்ன வேலி அடைக்கிறன் எண்டு தெரியுமோ உனக்கு?”

“ஏதோ களஞ்சியம் எண்டாய்.”

“களஞ்சியந்தான். எங்களைப் போட்டு வைக்கிற களஞ்சியம்.”

கைகள் உள்ளே பார்க்கிற கதை முழுவதையும் அவன் சொன்னான். முடிந்ததும் மகேந்திரராஜா பேப்பரின் ஓரத்தில் பென்சிலால் ஒரு தூணைக் கீறினார்.

“எத்தினை டிகிரி சாய்வு?”

“நாப்பத்தைஞ்சு.”

“வலை எட்டடியோ?”

“ஓம். அதுக்கு மேலை மூண்டு வரி முள்ளு.”

அவர் கையை உள்ளே சாய்த்துக் கீறினார். கீறியதை எட்ட வைத்துப் பார்த்தார். “உள்ளுக்கிருக்கிறவன் ஏறேலாது. சுத்தமான மறியல் வேலி, ஜெயில் வேலி,” என்றார். தொழில் நேர்த்தியை மெச்சுவது போல இருந்தது அவர் குரல். சத்தியபாமா அந்தப் பேப்பரைப் பறித்து மடித்துப் பின்னுக்கு எறிந்தாள்.

“மறியல் இல்லாத நாடு எது? ஊரிலை நீ படிச்ச பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலைதானே பொலிஸ் ஸ்டேஷன் இருந்தது? அதுக்காகப் பள்ளிக்கூடம் போகாமல் விட்டனியோ?”

“அக்கா, கணக்காப் பார். ஜனவரியிலை வா ராசா வா எண்டு கூப்பிடுறான். அதே கையோடை வேலிக்குக் கொந்தராத்துக் குடுக்கிறான். கோழிக்கு அரிசி எறியிறவன் கூட்டைத் திறந்து வைச்சுக்கொண்டுதான் எறியிறவன்.”

“அப்ப எத்தினை வரியத்துக்கு இப்பிடி ஒளிச்சுத் திரியப்போறாய்? யோகாவுக்கு என்ன எழுதப்போறாய்?”

யோகா அவன் மனைவி. சுழிபுரத்தில் நாலு வயது மகளோடு இருந்தாள். போன கிழமை அவளுடைய நீலக் கடிதம் வந்திருந்தது. ‘நீங்கள் வாறியளோ, நாங்கள் வாறதோ, ரெண்டிலை ஒண்டைச் சொல்லுங்கோ. இவள் தபால்காரரைக் கண்டால் அப்பா வந்திட்டார் எண்டு கத்திக்கொண்டு ஓடுறாள். கடதாசியைத்தான் அப்பா எண்டு நினைச்சிருக்கிறாள்’ என்று எழுதியிருந்தாள். பிடித்து அனுப்பினால் அவன் திரும்ப இந்த நாட்டுக்குள் கால் வைக்க முடியாது. அவளும் பிள்ளையும் வருகிற கதையும் அதோடு சரி. அதையெல்லாம் அவன் எத்தனையோ தரம் யோசித்துவிட்டான்.

“ஒளிச்செண்டாலும் இருக்கலாம். போய் மாட்டினால் ஒண்டுமில்லை.”

“மாட்டினால் எங்களுக்கும் கரைச்சல்தான்,” என்றார் மகேந்திரராஜா மெதுவாக. “ஆர் வைச்சிருந்தவை எண்டு கேப்பான். என்ரை சிற்றிசன் பேப்பரும் அவங்கடை மேசையிலைதான் கிடக்குது.”

“அதை இப்ப ஏன் சொல்லுறியள்?” சத்தியபாமா திரும்பினாள்.

“இருக்கிறதைச் சொன்னனான். சரி, பாப்பம்.”

“பாருங்கோ, பாருங்கோ. ஏப்ரல் முப்பது வந்து போகும், ரெண்டுபேருமா இருந்து பாருங்கோ!”

அவள் புட்டை இரண்டு சாப்பாட்டுக் கோப்பையிலும் தட்டினாள். மீன் குழம்பை ஊற்றவில்லை. அவர்களாக எழுந்து போய் ஊற்றிக்கொண்டார்கள்.

*

வேலையில் கணேசலிங்கத்துக்கு இருந்த ஒரே கூட்டாளி எலியாஸ். லெபனான்காரன், கரடி மாதிரி ஆள், ஆனால் உறைப்பென்றால் உயிர். பத்து மணித் தேநீருக்கு அங்கே ஸ்மோக்கோ என்று பேர். அந்த நேரம் இரண்டு பேரும் சிமெந்துப் பைகளின் மேலே இருந்து சாப்பாட்டை மாற்றிக்கொள்வார்கள். எலியாஸின் மெல்லிய ரொட்டிக்குள் சத்தியபாமாவின் செத்தல்மிளகாய்ச் சம்பலைச் சுருட்டி, கண்ணால் மூக்கால் தண்ணீர் வழிய, ‘இன்னும், இன்னும்’ என்பான். இவன் அவனுடைய கறுத்த ஒலிவ் காய்களை உப்பு நெல்லிக்காய் என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டு சாப்பிடுவான். எட்டு மாதமாக இருவரும் ஒன்றாகத் தூண்களுக்குக் கிடங்கு வெட்டியவர்கள். எந்த வருடம் வந்தாய், எப்படி வந்தாய் என்று ஒருவரையொருவர் கேட்டதில்லை. கேட்காமல் விட்டதிலேயே எல்லாம் விளங்கியிருக்கவேண்டும். இரண்டு பேருக்கும் விளங்கவில்லை.

ஏப்ரல் பத்தொன்பதாம் திகதி, ஈஸ்டர் திங்கள். அரசாங்க லீவு, ஆனாலும் ஸ்லாவ்கோ கூப்பிட்டிருந்தார், இருவரும் வந்திருந்தார்கள். எலியாஸ் ரொட்டியைச் சுருட்டிக்கொண்டே, நாளைக்கு வரமாட்டேன் என்றான். பல்லு நோவோ என்று இவன் கேட்டான். அவன் சுற்றிப் பார்த்துவிட்டு, தனக்கு விசா முடிந்து மூன்று வருடம் என்றும், நாளைக்குப் பதியப்போவதாகவும் காதோடு சொன்னான்.

கணேசலிங்கத்துக்குத் தேநீர் புரையேறிவிட்டது. தனக்கும் அதே கதைதான் என்று உளறிக் கொட்டினான். பிறகு வேலியின் உச்சியைக் காட்டினான். “பார், எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார். போகாதே.”

எலியாஸ் நிமிர்ந்து பார்த்தான். நெஞ்சில் குருசு போட்டுக்கொண்டான். “பிடித்தால் இதற்குள்தானே கொண்டுவருவார்கள்? நீ வெளியே நில். அந்தச் சிவப்புச் சம்பலைக் கம்பிக்குள்ளால் தா,” என்றான்.

செவ்வாய்க்கிழமை அவன் வரவில்லை. அது தெரிந்ததுதான். புதன்கிழமை வரவில்லை. வியாழன் வரவில்லை. வெள்ளிக்கிழமை கண்ணாடிகளுக்குக் கறுப்புப் பூசிய வான் ஒன்று வந்து கொட்டிலடியில் நின்றது. கணேசலிங்கம் அலவாங்கை வைத்துவிட்டு வேலியோடு ஒட்டிக்கொண்டு நின்றான். இறங்கினவர்கள் கட்டில் சட்டங்களைத்தான் இறக்கினார்கள். இருபது கட்டில். ஒவ்வொன்றாக எண்ணினான்.

ஸ்லாவ்கோவிடம் கேட்டான். அவர் தோளைக் குலுக்கினார். “ஈஸ்டருக்குக் குடித்துவிட்டுக் கிடப்பான்.”

“ஈஸ்டர் போன ஞாயிறே முடிந்துவிட்டதே?”

“எனக்கு முடிந்துவிட்டது,” என்று சொல்லிவிட்டு ஸ்லாவ்கோ போய்விட்டார். அவர் சொன்னதில் ஒரு விஷயம் இருந்தது. சைவக்காரனான கணேசலிங்கத்துக்கு அது பிடிபடவில்லை.

அடுத்த கிழமையும் ஆள் இல்லை. செவ்வாய் இல்லை, புதன் இல்லை. வீட்டில் அவன், “எலியாஸைப் பிடிச்சு அமத்திப்போட்டாங்கள்” என்று மட்டும் சொன்னான். மகேந்திரராஜா பாப்பம் என்றுகூடச் சொல்லவில்லை. சத்தியபாமா வாக்குவாதப்படவில்லை. விடிய நாலரைக்கே எழும்பி அவனுக்குச் சாப்பாடு கட்டினாள், அவன் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாள். அவள் ஏசியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஏப்ரல் இருபத்தொன்பது, வியாழக்கிழமை காலை. முதல் நாள் பெய்த மழையில் கிடங்கெல்லாம் சேறு. கணேசலிங்கம் குனிந்து பேணியால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். தலைக்கு மேலே யாரோ இருமினார்கள். பார்த்தால் எலியாஸ். முகம் வழித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, கையில் ஒரு பெட்டியோடு நின்றான்.

கணேசலிங்கம் சேற்றுக் கையோடு எழும்பி அவனைப் பிடித்து உலுப்பினான். “எங்கே போனாய்? ஒன்பது நாள்! எங்கேயடா போனாய்?” கடைசி வரி தமிழில் வந்தது. எலியாஸுக்கு அதுவும் விளங்கியது.

“ஈஸ்டர்,” என்றான் எலியாஸ். தங்கள் கோயிலில் ஈஸ்டர் இந்த ஞாயிறுதான் என்றான். மற்றவர்கள் கொண்டாடி ஒரு கிழமை கழித்துத்தான் தங்களுக்கு. பதிந்த அன்றைக்கே ரயிலேறி மெல்பேர்னுக்குத் தம்பி வீட்டுக்குப் போனவன், பெருநாள் முடிந்து இப்போதுதான் வருகிறான். பெட்டிக்குள் சிவப்புச் சாயம் தோய்த்த அவித்த முட்டைகளும் தேனில் ஊறிய பலகாரமும் இருந்தன. ஒரே கிறிஸ்துநாதருக்கு இரண்டு ஈஸ்டர் இருக்கும் என்று சுழிபுரத்தில் யார் கண்டது!

எலியாஸ் சட்டைப் பையிலிருந்து கடதாசியை எடுத்து விரித்தான். முத்திரை குத்தியிருந்தது. “ஆறு கேள்வி. ஒரு படம். முடிந்தது,” என்றான். “நாளைக்குக் கடைசி நாள், கணேஷ்.”

ஸ்லாவ்கோ வந்து ஒரு முட்டையை எடுத்துத் தூணில் தட்டி உடைத்தார். “நாளைக்கு நீ வேலைக்கு வராதே,” என்றார். “ஒரு விடுமுறை நாளிலும் வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லாத இரண்டு பேர் என்னிடம் இருக்கிறீர்கள். எனக்குத் தெரியாதென்றா நினைத்தீர்கள்?”

*

அன்றிரவு சத்தியபாமா அழுதாள், சிரித்தாள், பிறகு பஞ்சாங்கத்தை எடுத்தாள்.

“வெள்ளிக்கிழமை பத்தரையிலையிருந்து பன்னிரண்டு ராகுகாலம். அந்த நேரத்திலை வெளிக்கிடக்கூடாது.”

“அது ஊர்க் கணக்கப்பா,” என்றார் மகேந்திரராஜா. “இஞ்சை இப்ப பகல் சின்னன்.” பென்சிலை எடுத்தார். சூரியன் உதிக்கிற நேரம், படுகிற நேரம், இரண்டுக்கும் இடையில் உள்ளதை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு எண்பத்தொரு நிமிடம் என்று கீழே கோடு போட்டு எழுதி, நாலாம் பங்கைக் கண்டுபிடித்தார். பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

“என்ன வந்தது?”

“பத்தரைதான்,” என்றார்.

எதற்கும் இருக்கட்டும் என்று இருட்டோடு ஆறு மணி ரயிலுக்கே புறப்பட்டார்கள். மகேந்திரராஜா லீவு எடுத்திருந்தார். ‘நீங்கள் ஏன் அத்தான், உங்கடை பேப்பர் வேறை அங்கை கிடக்குது’ என்று கணேசலிங்கம் சொல்லிப் பார்த்தான். அவர் சப்பாத்தை மினுக்கிக்கொண்டிருந்தார்.

வின்யார்ட் ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறி வந்து பார்த்தால் வரிசை குடிவரவு அலுவலகக் கட்டிடத்தைச் சுற்றி வளைந்து பின்தெருவுக்குள் போயிருந்தது. தூறல் விட்டு விட்டுப் பெய்தது. கிரேக்கர், சீனர், பிஜித்தீவு இந்தியர், என்ன நாடென்று தெரியாதவர்கள். இத்தனை வருடமும் நிலத்தைப் பார்த்து நடந்தவர்கள் எல்லாரும் அன்றைக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ராகுகாலம் வரிசையிலேயே தொடங்கி வரிசையிலேயே முடிந்தது. நிற்கிறவனை அது ஒன்றும் செய்யாது, வெளிக்கிடுகிறவனைத்தான் பிடிக்கும் என்று மகேந்திரராஜா ஒரு தீர்ப்புச் சொன்னார். சத்தியபாமா கட்டித்தந்த சம்பல் தடவிய பாண் துண்டுகளைப் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டார்கள். முன்னால் நின்ற பிஜிக்காரர் மணத்தைப் பிடித்துத் திரும்பினார். அவருக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள்.

மூன்றரை மணிக்கு மூலை திரும்பியதும் வாசல் தெரிந்தது. வாசலில் ஒரு பொலிஸ்காரர் நின்றார்.

கணேசலிங்கம் வரிசையை விட்டு ஒரு அடி விலகினான். “அத்தான், ஒருக்கா ஒண்டுக்குப் போட்டு வாறன்.”

மகேந்திரராஜா அவன் முகத்தைப் பார்த்தார். “எங்கை போட்டு?”

“உதிலை. ஸ்டேஷனிலை.”

“இப்பதானே போனனீ?”

“அத்தான், விடுங்கோ. எனக்கு ஏலாது. எலியாஸுக்குச் சரி வந்தது. எனக்கு அப்பிடி வருமெண்டு ஆர் சொன்னது? கடைசி நாளிலை எல்லாரையும் ஒண்டா அள்ளினால்? கட்டில் இறக்கினதை நான் என்ரை கண்ணாலை பாத்தனான்.”

மகேந்திரராஜா அவனுடைய சட்டைக் கையைப் பிடித்தார். மெலிந்த மனிதர், பென்சில் தவிர வேறு பாரம் தூக்காதவர். அந்தப் பிடி அப்படி இருக்கும் என்று கணேசலிங்கம் நினைத்ததில்லை.

“இஞ்சை பார். நீ இப்ப போனால் நான் உள்ளை போய் உன்ரை பேரைக் குடுப்பன். விலாசத்தையும் குடுப்பன், என்ரை விலாசத்தை. என்ரை வீட்டிலை, என்ரை மேசையிலை சாப்பிட்டவன், நான்தான் வைச்சிருந்தனான் எண்டு சொல்லுவன்.”

“உங்கடை சிற்றிசன் பேப்பர்?”

“அது போனால் போகுது.”

“கொஞ்சம் பொறுத்துப் பாப்பம், அத்தான்.”

“பாத்தது போதும்,” என்றார் மகேந்திரராஜா. “நட.”

நாலரைக்குக் கதவைப் பூட்டுகிற நேரம், கட்டையான ஒரு அதிகாரி வெளியே வந்து வரிசையின் நீளத்தைப் பார்த்தார். வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரையும் இன்றைக்கே பார்ப்போம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். யாரோ ஒருவர் கைதட்டினார். பிறகு முழு வரிசையும் கைதட்டியது.

உள்ளே ஒரு இளம்பெண். காலையிலிருந்து எழுதி எழுதிக் களைத்திருந்தாள். பேர், பிறந்த திகதி, வந்த திகதி. யாரோடு இருக்கிறாய்? மகேந்திரராஜா முன்னால் வந்து தன் பெயரையும் விலாசத்தையும் தானாகச் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள். மனைவி பிள்ளை உண்டா? இருக்கிறார்கள், சிலோனில். அவர்கள் பெயரையும் எழுதினாள். என்ன வேலை?

“வேலி அடைக்கிறது,” என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

அவள் நிமிரவில்லை. வேலி என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனாள். படம் எடுத்தார்கள். வைத்தியச் சோதனைக்கு நாள் பிறகு வரும் என்றாள். முத்திரையைக் குத்தி அவன் பக்கம் தள்ளினாள்.

“அவ்வளவுதானா?” என்று கேட்டான்.

“அவ்வளவுதான்,” என்றாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

*

வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. வேலை முடிந்த சனம் ஸ்டேஷன் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. மகேந்திரராஜா, பொதுத் தொலைபேசி எங்கே இருக்கிறது, பாமாவுக்குச் சொல்லவேண்டும் என்று தேடினார். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் கணேசலிங்கத்தைக் காணவில்லை.

தெருமூலையில் வாகனங்களைப் பார்த்துக்கொண்டு ஒரு பொலிஸ்காரர் நின்றார், நல்ல உயரம். கணேசலிங்கம் நேரே அவரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான்.

“டேய், எங்கை போறாய்? இஞ்சை வா!”

அவன் நிற்கவில்லை. பொலிஸ்காரருக்கு முன்னால் போய், கைக்கெட்டும் தூரத்தில் நின்று, தொண்டையைச் செருமினான்.

“எக்ஸ்கியூஸ் மீ, சேர். வின்யார்ட் ஸ்டேஷனுக்கு எப்படிப் போகவேண்டும்?”

பொலிஸ்காரர் குனிந்து பார்த்தார். வீதியைக் கடந்து இடது பக்கம் திரும்பு, படிகள் தெரியும் என்று கையை நீட்டிக் காட்டினார். இவன் அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து, அவர் இன்னொரு தரம், ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகச் சொன்னார்.

“தாங்க் யூ, சேர். தாங்க் யூ வெரி மச்.”

“நோ வொரீஸ், மேட்,” என்றார் பொலிஸ்காரர்.

மகேந்திரராஜா இளைக்க இளைக்க வந்து சேர்ந்தார். “உனக்கென்ன விசரோ? போர்டு கண்ணுக்கு முன்னாலை தெரியுது. காலமை அதாலைதானே ஏறி வந்தனாங்கள்?”

“ஓம்.”

“பேந்தென்ன கேள்வி?”

“கேக்கலாமோ எண்டு கேட்டுப் பாத்தனான், அத்தான்.”

அதற்குமேல் அவனால் நடக்க முடியவில்லை. பூட்டியிருந்த ஒரு கடையின் படியில் இருந்துவிட்டான். சந்தோசம்தான், வேறொன்றும் இல்லை. ஆனால் அழுகை வந்துவிட்டது, நிறுத்தவும் முடியவில்லை. சின்னப்பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதான். சனம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனது. மகேந்திரராஜாவுக்குக் கண்ணீரைத் துடைக்கவும் தெரியாது, முதுகைத் தடவவும் தெரியாது. கொஞ்ச நேரம் இப்படியும் அப்படியும் பார்த்தார். பிறகு கையிலிருந்த குடையை விரித்து, தெருப்பக்கமாகச் சரித்து, ஒருவரும் அவன் முகத்தைப் பார்க்காதபடி பிடித்துக்கொண்டு நின்றார்.